லிப்ட் பிளாக், கமான் பட்டை

பிக்கப் சரக்கு வண்டியின் பின் ஆக்சிலுக்கும் கமான் பட்டைக் கட்டுக்கும் நடுவே வைத்து, பின்புறத்தை உயர்த்தும் உலோகக் கட்டை. எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகியவற்றால் செய்யப்படுகிறது. சமதளம், சரிவு என இருவகை. 50 மி.மீ. கட்டை வண்டியை அதே 50 மி.மீ. உயர்த்தும், ஆனால் பாரம் தாங்கும் திறனைக் கூட்டாது. வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே கமான்.

பேரையூர் வட்டாரத்தில் ஓடும் பொலீரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டிகளில் பின்புறம் கமான் பட்டையே. பாரத்தால் சோர்ந்த பட்டைக்குக் கட்டை மருந்தாகாது. பட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

கட்டை மாற்றுகையில் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை ஜாக்கியால் தாங்கி, யூ போல்ட்டுகள் கழற்றப்படும். சென்டர் போல்ட்டின் தலை கட்டையின் குழியிலும், கட்டையின் அடிமுளை ஆக்சில் இருக்கையின் துளையிலும் முழுதாக அமர வேண்டும். கட்டை விளிம்பில் செந்தூள் கசிந்திருந்தால் பிடிப்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். சரிவுக் கட்டையின் தடித்த பக்கம் பின்னால் இருந்தால் பினியன் முனை மேல்நோக்கும். யூ போல்ட் புதிதாகவே இருக்க வேண்டும். நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி முறுக்கி, சில நூறு கி.மீ. ஓடியபின் மறுபடி முறுக்குவது கட்டாயம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்குவதும் முன் ஆக்சிலில் வைப்பதும் ஆபத்து.

பாரமறியும் பிரேக் வால்வு உள்ள வண்டியில் அதன் இணைப்புக் கம்பியைத் திருத்தாவிட்டால், வண்டி காலி என்று வால்வு கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பதிவுச் சான்றின் விவரங்களுக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு தடுக்கிறது.