ஓவியத்தில் வாழும் ஜார்ஜ் டவுன்

பினாங்குத் தீவின் பழைய நகரமாகிய ஜார்ஜ் டவுனுக்கு, இன்று ஓவியங்களின் வழியே சென்று வருவோம்.

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் அங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார். ஏறக்குறைய முப்பதாண்டுகள் கழித்து, ராபர்ட் ஸ்மித் என்னும் இராணுவப் பொறியாளர் தீவின் காட்சிகளை வரைந்தார். அவற்றுள் பத்து, 1821இல் அச்சில் வெளிவந்தன. மலையும் கடலும் துரைமார் மாளிகைகளுமே அவற்றில் பெரிதாகத் தெரிகின்றன.

தெருவில் இறங்கி வரைந்தவர்கள் பின்னர் வந்தனர். அவர்களுள் ஒருவர், பினாங்கிலேயே பிறந்த டான் சூன் கீ (1930-2010). கடைவீடுகளையும் ஐந்தடி நடைபாதைகளையும் திரிஷா வண்டிகளையும் மையாலும் நீர்வண்ணத்தாலும் அவர் தீட்டினார். உழைக்கும் எளிய மக்களும் ஓவியத்துக்கு உரியவர்களே என்று அவை நமக்கு உணர்த்துகின்றன.

அந்நகரில் நம்மவர் சுவடுகளும் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரின் பெயரைச் சூலியா வீதி தாங்கி நிற்கிறது. மார்க்கெட் வீதியைத் தமிழர் கடைத்தெரு என்றே அழைத்தனர். குயின் வீதி மாரியம்மன் ஆலயம் 1833இல் எழுந்தது.

இக்கடைவீடுகளில் ஏழைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்ததற்கு ஒரு காரணம், குறைந்த வாடகை. போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. 1999ஆம் ஆண்டு இறுதியோடு அப்பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் வெளியேறின. 2008இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. 2012இல் ஆர்மேனியன் வீதிச் சுவரில், மிதிவண்டியில் செல்லும் இரு பிள்ளைகளை எர்னஸ்ட் சக்கரவிச் தீட்டினார். அதைக் காணப் பயணிகள் திரண்டனர். சுவருக்குப் புகழ் வந்தது. ஆனால் அச்சுவர்களுக்குள் வாழ்ந்தவர் பலர் அங்கில்லை. அவர்களின் அன்றாட வாழ்வுக்குப் பழைய ஓவியங்களே சாட்சி.

நேயர்களே, நாம் பிறந்த தோட்டங்களிலும் பல மறைந்துவிட்டன. லயன் வீடுகளையும், பெரட்டுக் களத்தையும், ஆயாக் கொட்டகையையும் வரைந்து வைத்தவர் எத்தனை பேர்? பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்லட்டும். பிள்ளைகள் பள்ளித் தாளில் பென்சிலால் வரையட்டும். கோடு கோணலானாலும் குறையில்லை. கீழே தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் மறவாமல் எழுதுவோம். நாளை அதுவும் வரலாறாகும்.