மெர்சென் பட்டியலும் பாட ஆராய்ச்சியும்

பெரிய பகா எண்களைத் தேடுதலைப் பொழுதுபோக்கெனக் கருதுவார் உளர். எனினும் அத்தேடலின் வரலாற்றில் பாட ஆராய்ச்சியாளர்க்கு உவப்பளிக்கும் சிக்கலொன்று உண்டு.

பாரிசில் வாழ்ந்த துறவி மரீன் மெர்சென் 1644ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் முன்னுரையில் ஒரு பட்டியல் தந்தார். இரண்டின் அடுக்கினின்று ஒன்றைக் கழித்தால் பகா எண் கிடைப்பது, 257 வரையுள்ள அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்னும் பதினொன்றுக்கே என்பது அவர் கூற்று. சான்று காட்டினாரல்லர்.

31ஐ ஆய்லர் 1772இல் மெய்ப்பித்தார். 127ஐ லூக்கா 1876இல் மெய்ப்பித்தார். ஆனால் 67 தகாதென்பதையும் அவ்வாண்டே லூக்கா, காரணிகளைக் காணாமலே, நிறுவினார். காரணிகளைக் கண்டவர் கோல். 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் வாய்திறவாது கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டினார் என்பது வழிவழி வரும் செய்தி. 257உம் தவறாயிற்று. விடுபட்டவை மூன்று: 61, 89, 107. அவற்றுள் 61ஐ 1883இல் மெய்ப்பித்தவர் உருசியச் சிற்றூர்ப் பாதிரியார் பெர்வூசின்.

67 என்பது 61இன் அச்சுப்பிழை என்பர் சிலர். ஏடுகளில் எழுத்து மயங்குதலை நன்கறிந்த நமக்கு இது கவர்ச்சியான ஊகமே. ஆயினும் ஒரு பாடத்தைத் திருத்துங்கால் அதன் அண்டைப் பாடங்களும் இசைதல் வேண்டும். இத்திருத்தத்தை ஏற்பினும் 257 தவறாகவே நிற்கும். 89உம் 107உம் விடுபட்டமையும் விளங்காது.

பட்டியலையே உற்றுநோக்குவோம். அதன் எண்கள் யாவும் இரண்டின் அடுக்கொன்றையோ, அதற்கு ஒன்று கூடியோ குறைந்தோ வருவதையோ, நான்கின் அடுக்கொன்றுக்கு மூன்று கூடியோ குறைந்தோ வருவதையோ ஒத்துள்ளன. 67 என்பது 64உடன் 3. 257 என்பது 256உடன் 1. 89உம் 107உம் இவ்வமைப்பில் அடங்கா. ஆகவே மெர்சென் கணக்கிட்டுக் கண்டாரல்லர், ஒரு விதியை ஊகித்தார் என்பது நம் துணிபு. இதற்கு மாறாக நிற்பது 61 ஒன்றே: 64இல் 3 குறைந்த அது விதிக்கு இசைந்தும் பட்டியலில் இல்லை. அச்சுப்பிழை இங்கு நேர்ந்திருப்பின், 61ஐ 67ஆக மாற்றியதன்று. இரண்டனுள் ஒன்றை விட்டதே ஆதல் வேண்டும்.

257 வரையுள்ள அடுக்குகள் முற்றும் சரிபார்க்கப்பட்டது 1947இல். 2024இல் கண்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841; அதன் இலக்கங்கள் நான்கு கோடிக்கு மேற்பட்டன.