பல் சொன்ன சாட்சி



பேச்சு வராத குழந்தையின் கையிலிருக்கும் பொருளைப் பறித்தால் அது என்ன செய்கிறது? சட்டென்று கடித்துவிடுகிறது. வளர வளர நாவு பேசக் கற்றுக்கொள்கிறது. பல் அடங்கிப் போகிறது. ஆயினும், வெறி தலைக்கேறிய வேளையில் சிலரிடம் அந்தப் பழைய குணம் திரும்பி வருகிறது. கொடுங்குற்றங்களை ஆராய்வோர் இதில் பல வகை காண்கின்றனர். ஆத்திரத்தில் கடிப்பவன் உண்டு. பிறர் துடிப்பதைக் கண்டு மகிழ்வதற்காகக் கடிப்பவன் உண்டு. உயிர் தப்புவதற்காகத் தாக்கியவனையே கடிப்பவரும் உண்டு.

கடித்தவன் இன்னான் என்று தோலில் பதிந்த தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

முதலில் 1692-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், அந்நாளில் ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸில், சேலம் என்றோர் ஊர். சூனியக்காரர்களைப் பற்றிய பீதி அங்கே பரவியிருந்தது. ஜார்ஜ் பரோஸ் என்னும் பாதிரியாரின் ஆவி வந்து தங்களைக் கடித்ததாகச் சில இளம்பெண்கள் முறையிட்டனர். உடலில் தடங்களையும் காட்டினர். அவை பாதிரியாரின் பல் வரிசையோடு ஒத்திருப்பதாகவும், மற்றவர் பற்களோடு ஒத்துவரவில்லை என்றும் கூறப்பட்டது. அவருக்கு எதிரான சாட்சியங்களுள் இதுவும் ஒன்று. அவ்வாண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். 1711-இல் அரசு அவருடைய குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை கொடுத்தது. பணம் வந்தது, போன உயிர் வரவில்லை.

பிறகு 1979-க்கு வருவோம். பல பெண்களைக் கொன்ற டெட் பண்டி என்பவன் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் விசாரிக்கப்பட்டான். கொலையுண்ட பெண்ணொருத்தியின் உடலில் இருந்த கடித்தடம் அவனுடைய பற்களோடு பொருந்துவதாகப் பல் மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். அவன் உண்மையான குற்றவாளி. தன் கொலைகளைப் பின்னாளில் அவனே ஒப்புக்கொண்டான். அந்த ஒரு வழக்கின் புகழ், பல் சாட்சிக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது. அதன் பலனை அனுபவித்தவர்களோ வேறு மனிதர்கள்.

அவர்களுள் ஒருவர் ரே குரோன். அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் கடிதம் பட்டுவாடா செய்து பிழைத்தவர். 1991-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரத்து மதுக்கடையொன்றில் பணிபுரிந்த பெண் கொல்லப்பட்டார். அவர் உடலில் கடித்தடம் இருந்தது. குரோனின் பற்கள் சற்றுக் கோணலானவை. அதுவே அவருக்கு வினையாயிற்று. தடம் அவருடையதுதான் என்று நிபுணர் உறுதி கூற, 1992-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு; தண்டனை மட்டும் ஆயுளாகக் குறைந்தது. 2002-இல், இறந்த பெண்ணின் ஆடையில் இருந்த எச்சிலை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அது வேறொருவனுடையது. அவனோ மற்றொரு குற்றத்துக்காக முன்பே சிறையில் இருந்தான்! பத்து ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்த குரோன் ஏப்ரல் 8-ஆம் நாள் வெளியே வந்தார்.

கற்றறிந்த நிபுணர்கள் தவறியது எப்படி? ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். ரப்பர்ப் பட்டையை இழுத்துப் பிடித்து அதன்மேல் ஒரு வட்டம் வரைந்து, பிடியை விட்டுப் பாருங்கள். வட்டம் நசுங்கி வேறு உருவமாகிவிடும். மனிதத் தோலும் அவ்வாறே இழுபடும், வீங்கும், கன்றிப்போகும். அதில் பதிந்த தடம் மெழுகில் பதிந்த அச்சு அன்று.

மற்றொரு காரணம் மனத்தில் இருக்கிறது. ‘இவன்தான் கொலைகாரன்’ என்று முன்கூட்டியே கேள்விப்பட்டவரின் கண், பொருந்தாததையும் பொருத்திப் பார்க்கும். கடித்தவன் மனத்தை ஆராயப் புறப்பட்டவர்கள், தங்கள் மனத்தை ஆராய மறந்துவிட்டார்கள்.

கடித்தடத்தைக் கொண்டு ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்டப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று 2009-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2022-இல் அந்நாட்டு அரசின் தரநிலை ஆய்வுக் கழகமும் அதே முடிவுக்கு வந்தது.

அப்படியானால் பல்லால் பயனே இல்லையா? உண்டு. விபத்தில் உருத்தெரியாமல் இறந்தவரை, பல் மருத்துவரிடம் உள்ள பழைய பதிவுகளைக் கொண்டு அடையாளம் காண்பது நம்பத்தக்க முறை. கடிபட்ட இடத்தில் தங்கும் எச்சிலும் உண்மையைச் சொல்லும். ஆகவே, தாக்கப்பட்டவர் அவ்விடத்தைக் கழுவிவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வது நல்லது.

நேயர்களே, ஒருவரின் முகத்தையோ பல்லையோ பார்த்து, ‘இவன் செய்திருப்பான்’ என்று நாமும் சொல்லிவிடுகிறோம். நம் லயத்தில் ஒரு பொருள் காணாமற்போனால்கூட முதலில் யார் பெயர் அடிபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சான்று வரும்வரை நாவையும் அடக்கி வைப்பது நமக்கு அழகு.