செகெட் மிளகாய் காட்டிக்கொடுத்த வலி

ஹங்கேரியின் தெற்கே, டீசா ஆற்றங்கரையில் உள்ள செகெட் ஊரின் அடையாளமே மிளகாய்தான். சரம் சரமாகக் கோத்து, கூரையோரம் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். வாங்குவோருக்கு நிறமும் மணமும் வேண்டும், காரம் வேண்டாம். விதையையும் அது ஒட்டியிருக்கும் வெண்சதையையும் நீக்கிவிட்டு அரைக்கும் முறையை 1859-இல் பால்ஃபி சகோதரர்கள் கொண்டுவந்தார்கள். மிளகாயைப் பிளந்து சுத்தம் செய்த பெண்களின் விரல்கள்தான் காந்தின.

வியாபாரம் கழித்துப் போட்ட அந்தக் காரத்தை மருத்துவம் எடுத்துக்கொண்டது. மிளகாய்ச் சாறு உணர்வு நரம்புகளையே தாக்குகிறது என்று 1878-இலேயே எந்த்ரே ஹோட்யெஷ் எழுதிவிட்டார். அடுத்த பெரிய அடிக்கு எழுபது ஆண்டுகள் ஆயின.

1940-களின் இறுதியில், செகெட் பல்கலைக்கழக மருந்தியல் பேராசிரியர் மிக்லோஷ் யான்ச்சோ, காரத்தின் சாரமான கேப்சைசினை எலியின் கண்ணில் விட்டுப் பார்த்தார். எலி முன்னங்கால்களால் கண்ணைத் தேய் தேய் என்று தேய்த்தது. திரும்பத் திரும்ப விட்டதும் தேய்ப்பது நின்றுபோனது. கடுகெண்ணெய் விட்டாலும் அசையவில்லை. ஆனால் கண்ணை லேசாகத் தொட்டால் இமை மூடியது! தொடுவுணர்வு அப்படியே இருக்க, எரிச்சலைச் சொல்லும் நரம்புகள் மட்டும் ஓய்ந்திருந்தன. இதே ஊர் மிளகாயிலிருந்து வைட்டமின் சி எடுத்த சென்ட்-ஜியோர்ஜிக்கு 1937-இல் நோபல் கிடைத்தது. யான்ச்சோவின் பெயரோ துறைக்கு வெளியே அதிகம் எட்டவில்லை. அவருடைய முக்கியமான கட்டுரை ஒன்று, 1966-இல் அவர் இறந்த மறு ஆண்டுதான் அச்சேறியது.

கேப்சைசின் எதைப் பற்றிக்கொள்கிறது? சான்பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ் குழு, வலி நரம்பணுக்களின் மரபணுக்களைத் தொகுதி தொகுதியாக, காரமே உணராத செல்களுக்குள் செலுத்தித் தேடியது. 1997-இல் விடை கிடைத்தது: டிஆர்பிவி1 என்ற புரதம். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறக்கும் வாயில் அது. வீக்கம் வந்தால் அந்த வரம்பே இறங்கிவிடும். வெயிலில் வெந்த தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் சுடுவது அதனால்தான். 2021-இல் ஜூலியஸும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

நாள்பட்ட வலி அந்த வாயிலோடு நிற்பதில்லை. 2011-இல் வெளியான எலி ஆய்வில், நீடித்த வலி மூளைத்தண்டு வரை போயிருந்தது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் குறிகள் குறைந்து, வலியை அடக்கும் காபா வேதிப்பொருளைத் தயாரிக்க உதவும் மரபணு ஒன்று மந்தமாகியிருந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை; அதை வாசிப்பதுதான் தடைப்பட்டது.

நரம்பு முனையில் யான்ச்சோ கண்டது மட்டும் மருந்துக்கடைக்கு வந்துவிட்டது. அக்கி ஆறிய பிறகும் விடாத எரிவலிக்கு, எட்டு சதவீதக் கேப்சைசின் பட்டைக்கு 2009-இல் அனுமதி கிடைத்தது. ஒரு மணி நேரம் ஒட்டினால் சிலருக்கு மூன்று மாதம் வரை வலி தணியும். ஒட்டும் செவிலியர் கையுறை போட்டுக்கொள்வது கட்டாயம்.