பெல்ட்டுக்கு அடியில் ஒரு ரோலர்

நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்க்க வருபவர்களின் கண், மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கரத்தின் மேலேயே நிற்கும். வெட்டிய மண்ணைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சுழலும் ரோலரை யாரும் கவனிப்பதில்லை. சுரங்கம் தடையில்லாமல் ஓடுவது அதன் ஆயுளைப் பொறுத்தது.

பிறக்கும்போது அது எளிய பொருள்தான்: ஓர் எஃகுக் குழாய், நடுவே அச்சு, இரு முனையிலும் பேரிங், அதைக் காக்க சீல், உள்ளே கிரீஸ். லாரியில் வந்து ஸ்டோரில் காத்திருந்து, முறை வந்ததும் பெல்ட்டின் கீழ் மூன்று மூன்றாக ஏறும். பெல்ட் விநாடிக்கு 5 மீட்டர் ஓடினால், 159 மி.மீ. விட்டமுள்ள ரோலர் நிமிடத்துக்கு 600 தடவை சுற்றும். 20,000 மணி நேரத்தில் அது 72 கோடிச் சுற்று.

ஏறிய இடமோ கடுமையானது. 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த இந்தச் சுரங்கத்தில் 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. மேலே கிடந்த கடலூர் மணற்பாறை, ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரங்களின் பற்களையே தேய்த்துத் தள்ளியது. அந்தப் பாறையின் தூள்தான் ரோலருக்கும் எமன். சீலைத் தாண்டி ஒரு சிட்டிகை நுழைந்தால் போதும், கிரீஸ் சாணைக்குழம்பாகிவிடும். மழைக்காலத்தில் சேறும் சேர்ந்துகொள்ளும். பேரிங் ஜாம் ஆனால் ரோலர் நிற்கும், பெல்ட் நிற்காது. உரசி உரசிக் குழாய் கத்திமுனையாக மெலிந்து பெல்ட்டைக் கிழிக்கும். சூடேறினால் நிலக்கரித் தூள் பற்றிக்கொள்ளும்.

பேரிங் பட்டியல்கள் தரும் ஆயுள், நூற்றில் 90 தாக்குப்பிடிக்கும் காலம். கேட்க நன்றாயிருக்கிறது. மீட்டருக்கு மூன்று ரோலர் என்றால், ஒரு கிலோமீட்டர் பெல்ட்டின் மேல்வரிசையில் மட்டும் 3,000. அதற்குள் பழுதாகும் பத்து சதவீதம் 300!

எத்தனை ரோலர் எப்போது பழுதாகும் என்ற கணக்குக்கு ஸ்வீடன் பொறியாளர் வலோடி வெய்புல் 1951இல் வெளியிட்ட கட்டுரை கைகொடுக்கிறது. அவருடைய பரவலில் இரண்டு எண்கள் முக்கியம். ஈட்டா என்பது நூற்றில் 63 ரோலர்கள் பழுதாகிவிடும் காலம். பீட்டா, பழுதுகள் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பதைச் சொல்லும். 20,000 மணி நேரத்தில் நூற்றில் 90 பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைப்போம். பீட்டா 1.5 என்றால் ஈட்டா ஏறக்குறைய 89,700 மணி வேண்டும். பீட்டாவை 3 ஆக்கினால் 42,300 போதும். பாதிக்கும் குறைவு!

ஆனால் தாளில் எண்ணை மாற்றினால் ரோலர் மாறாது. ஈட்டாவை உயர்த்தப் பெரிய பேரிங் வேண்டும், அல்லது சுமை குறைய வேண்டும். சுமை பாதியானால் பால் பேரிங்கின் களைப்பு ஆயுள் எட்டு மடங்காகும். பீட்டாவை உயர்த்த, ஒவ்வொரு சீலும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும், ஒவ்வொன்றிலும் கிரீஸ் ஒரே அளவாக இருக்க வேண்டும். பாறைத்தூள் பறக்கும் ஊரில் இந்த இரண்டாவது வழிக்கே என் ஓட்டு. பழுதுகள் ஒரே காலத்தில் நெருங்கி வந்தால், நாள் குறித்துப் பெல்ட்டை நிறுத்தி மொத்தமாக மாற்றிவிடலாம்.

கழற்றிய ரோலர் இரும்புக்கடைக்குப் போகுமுன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: எத்தனை மணி ஓடியது, சீல் போனதா, பேரிங் போனதா என்று எழுதி வைப்பது. கூடவே, இன்னும் நன்றாகச் சுழலும் ரோலர்களின் மணிகளையும் சேர்க்க வேண்டும். விழுந்தவற்றை மட்டும் எண்ணினால் ஈட்டா குறைவாகத் தெரியும்; தேவையில்லாத பெரிய பேரிங்குக்கு ஆர்டர் போய்விடும்.