அட்டைக்குத் தரம் சொல்பவர் யார்?



உலர்ந்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்த காலம் நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். விற்பவர் கண்ணுக்கு அது ஒரு படி உயர்வாகவும், வாங்குபவர் கண்ணுக்கு ஒரு படி தாழ்வாகவும் தெரியும். அமெரிக்காவில் விளையாட்டு வீரர் படம் போட்ட சிறு அட்டைகளைச் சேர்ப்போர் நடுவிலும் இதே வழக்குதான். 'புதுக்கருக்கு அழியாதது' என்று விற்பவரே சொல்வார். அவர் சொல்லே சான்று. இன்று போக்கேமோன் அட்டையை வைத்துக்கொண்டு 'கிரேடிங் செய்ய எங்கே அனுப்பலாம்?' என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்காக, அந்த வழக்குத் தீர்ந்த விதத்தையும் தீராத விதத்தையும் இன்று பார்ப்போம்.

கலிபோர்னியாவில் டேவிட் ஹால் என்பவர், நாணயங்களுக்குத் தரம் சொல்லும் நிறுவனத்தை 1986இல் நண்பர்களுடன் நடத்தத் தொடங்கினார். அதே முறையை 1991இல் அட்டைகளுக்கும் கொண்டுவந்தார். அதுவே பி.எஸ்.ஏ. அட்டையை வாங்கவோ விற்கவோ செய்யாத மூன்றாம் ஆள், மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து, 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, திறந்தால் தெரிந்துவிடும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுப்பார். நல்ல ஏற்பாடுதான்.

அங்கே முதலாம் எண்ணிட்டுப் பெட்டியில் அடைத்த அட்டை, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னருடையது. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த வரிசையைச் சேர்ந்தது. வாக்னரின் படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டதால் மிகச் சிலவே எஞ்சின. இந்த ஒன்றை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்னாலும் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. அதற்கு 8 கொடுத்தது. சிகரெட் அட்டைக்கு இவ்வளவு கூரான ஓரமா என்று சேகரிப்போர் சிலர் அப்போதே முணுமுணுத்தார்கள். ஆனாலும் விலை ஏறிக்கொண்டே போய், 2007இல் 28 லட்சம் டாலரைத் தொட்டது.

1980களில் அதை வாங்கி விற்றவர் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர். ஏல மோசடி வழக்கில் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். 2015இல் இருபது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஓரம் வெட்டிய அட்டைக்கு எண்ணே கொடுக்கக்கூடாது என்பது பி.எஸ்.ஏ.யின் சொந்த விதி!

அப்படியானால் யாரை நம்புவது? 1998இல் எஸ்.ஜி.சி. வந்தது, 1999இல் பெக்கெட் வந்தது. நாலு அம்சங்களுக்கும் தனித்தனி மதிப்பெண்ணைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டது பெக்கெட். எங்கே குறை என்று வாங்குபவருக்குத் தெரியும் அல்லவா? எங்களுக்குப் பிடித்த முறை அதுதான். சித்திரக்கதைப் புத்தகங்களுக்குத் தரம் சொல்லிவந்த சி.ஜி.சி. 2020இல் அட்டைகளுக்கும் இறங்கியது. இருந்தாலும் சந்தையில் பல அட்டைகளுக்கு பி.எஸ்.ஏ. பெட்டிக்கே விலை கூடுதல். அதன் தாய் நிறுவனமே 2024இல் எஸ்.ஜி.சி.யையும் வாங்கிவிட்டது. கடைகள் இரண்டு, முதலாளி ஒருவர்.

அட்டையின் விலை கூடக்கூட பி.எஸ்.ஏ.யின் கட்டணமும் கூடும். 2021இல் அட்டைகள் மலையாகக் குவிந்ததால் அது பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியும் வைத்தது. ஆகவே அனுப்புவதற்கு முன், அதேபோன்ற அட்டை அந்தப் பெட்டியில் உண்மையாக என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். கட்டணம், தபால், காப்புறுதி எல்லாம் கூட்டினால் அட்டையின் விலையைத் தாண்டுகிறதா? பிள்ளையின் அட்டைகளில் பெரும்பாலானவை தாண்டும். அவற்றுக்கு இருபது காசு பிளாஸ்டிக் உறை போதும்.