பஸ்காவுக்கு வீட்டைத் தயார்செய்தல்

பஸ்கா பண்டிகைக்கு முன் யூதர்கள் தம் வீட்டிலிருந்து புளித்த தானியப் பண்டங்களை அடியோடு அகற்றுவது மரபு. எகிப்தைவிட்டு அவசரமாகக் கிளம்பிய இஸ்ரவேலர் மாவு புளிக்கும்வரை காத்திருக்கவில்லை என்கிறது வேத நூலான யாத்திராகமம். அதன் நினைவாக, யூத நாட்காட்டியின் நீசான் மாதம் 15ஆம் நாள் முதல் இஸ்ரேலில் 7 நாளும், பிற நாடுகளின் வைதிக யூதரிடையே 8 நாளும் புளித்தது விலக்கு. உண்ணாமலிருந்தால் மட்டும் போதாது. அது வீட்டில் இருக்கவோ ஒருவரின் உடைமையாக இருக்கவோ கூடாது. வாரக்கணக்கில் நீளும் வேலைக்கு இந்த இரண்டாவது விதிதான் காரணம்.

விலக்கப்படும் பொருளுக்கு ‘ஹமேத்ஸ்’ என்று பெயர். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகியவற்றின் மாவு தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் புளித்ததாகக் கணக்கு. ரொட்டி, பிஸ்கட் மட்டுமல்ல, பீரும் விஸ்கியும் இதில் அடக்கம். அரிசியையும் பருப்பையும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர் வழக்கத்தால் ஒதுக்குவர். ஸ்பானிய மரபினரான செபார்தி யூதரில் பலர் உண்பர்.

அலமாரி, ஃபிரிட்ஜ், சோபா இடுக்கு, பிள்ளைகளின் சட்டைப்பை, கார் இருக்கை என்று ஹமேத்ஸுக்கான துழாவல் நீளும். திரைச்சீலையைத் துவைத்து, பரணையும் ஒழித்துப்போடும் வீடுகள் உண்டு. தூசி ஹமேத்ஸ் ஆகாது என்று யூத மதகுருக்களான ரபிகள் சொல்லிப் பார்க்கிறார்கள், கேட்பார் குறைவு. இந்தச் சுமையில் பெரும்பங்கு பெண்கள் தலையில்தான் விழுகிறது.

பஸ்காவுக்கென்றே தனிப் பாத்திரம் வைத்திருப்போர் பலர். இல்லாதவர்கள் உலோகப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, 24 மணி நேரம் புழங்காமல் வைத்து, கொதிநீரில் முக்கி எடுப்பார்கள். நேரடியாக நெருப்பில் புழங்கிய சுடுகம்பியைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். உணவு எந்த வழியில் பாத்திரத்தில் ஊறியதோ அந்த வழியிலேயே வெளியேறும் என்பது கோட்பாடு. மண்பாண்டத்துக்கு அடுப்படியில் செய்யக்கூடிய பரிகாரம் இல்லை. எருசலேமில் உலோகப் பாத்திரங்களை முக்கி எடுக்கத் தெருவோரம் கொதிநீர் அண்டா வைப்பதும் வழக்கம்.

நீசான் 14ஆம் நாள் பிறக்கும் இரவில், அதாவது பண்டிகைக்கு முந்தைய இரவில், மெழுகுவர்த்தி, இறகு, மரக்கரண்டியுடன் கடைசித் தேடல். வெறுங்கையோடு திரும்பக் கூடாதென்று முன்கூட்டியே 10 ரொட்டித் துண்டுகளை ஒளித்துவைப்பார்கள். குழந்தைகளுக்கு இதுதான் கொண்டாட்டம். தேடலுக்கு எல்லை வகுத்தது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா: மரநாய் போன்ற பிராணி ஏதேனும் ரொட்டியை இழுத்து வந்திருக்குமோ என்று அஞ்சத் தொடங்கினால் வீடு, முற்றம், ஊர் என்று அந்த அச்சத்துக்கு முடிவே இராது, ஆகவே அஞ்ச வேண்டாம் என்கிறது. கண்ணுக்குத் தப்பியது மண்துகளுக்குச் சமம் என்று அரமேய மொழியில் அறிவித்துவிட்டு, கிடைத்ததை மறுநாள் காலை எரிப்பார்கள்.

விலையுயர்ந்த சரக்கை எரிக்க மனம் வராதவர்கள் ரபி மூலம் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார்கள். பொருள் பூட்டிய அலமாரியிலேயே கிடக்கும். பண்டிகை முடிந்ததும் உரிமை திரும்பிவரும். ஒப்புக்குச் செய்வதுபோல் தோன்றினாலும் சட்டப்படி அது முழு விற்பனைதான். இஸ்ரேல் அரசும் தன் கிடங்குச் சரக்கை இப்படித்தான் விற்கிறது. பல ஆண்டுகள் அதை வாங்கியவர் அபு கோஷ் ஊரைச் சேர்ந்த ஓர் அரேபியர்.

கொச்சி யூதர்கள் இவ்விஷயத்தில் மிகக் கறாராக இருந்தார்கள். மட்டாஞ்சேரியில் வீட்டுக்கு வெள்ளையடித்து, பண்டிகைக்கான அரிசியை மணிமணியாகப் பொறுக்கிச் சுத்தம்செய்து தனியே வைத்தார்கள்.